லவ் பேர்ட்ஸ் கைக்குப் பழக என்ன செய்வது?

கேள்வி: கொளத்தூரில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி மூன்று வாரமாகிறது. கூண்டுக்குள் கை விட்டாலே படபடவென்று மோதிக்கொள்கின்றன. பிடித்தால் கடிக்கின்றன. எப்படிப் பழக்குவது? பச்சைக்கிளிக் குஞ்சு வாங்கினால் பேசுமா? – வாசகர், பெரம்பூர்

பதில்: பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜிக்கு, மேலிருந்து இறங்கும் கை பருந்துதான். ஒருமுறை பிடித்தாலும் பல நாள் பழக்கம் வீணாகும்.

முதலில் வயதைப் பாருங்கள். நெற்றியில் மூக்கு வரை கறுப்பு வரிகள் ஓடி, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தால் இளம் பறவை, சீக்கிரம் பழகும். நெற்றி வெளுத்து, கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்திருந்தால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் வரி தெரியாது. ஜோடியாக இருந்தால் உங்களை ஏறெடுத்தும் பார்க்காது. பழகும்வரை தனித்தனிக் கூண்டில், ஒன்றின் சத்தம் மற்றொன்றுக்குக் கேட்கும்படி வையுங்கள்.

கூண்டை ஹாலில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி, கண் உயரத்தில் வையுங்கள். காலைத் தீவனத்துக்கு முன் தினைக் கதிர் ஒன்றைக் கம்பிக்கு வெளியே பிடித்தபடி பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். பயப்படாமல் கொத்தத் தொடங்கிய பிறகே கதவு வழியாக நீட்டுங்கள். கதிரை நாளுக்கு நாள் குட்டையாகப் பிடித்தால், அதை எட்ட விரலில் கால் வைத்தாக வேண்டும். அப்போது காலுக்குச் சற்று மேலே, அடிவயிற்றில் விரலை மெல்ல அழுத்தி "ஏறு" என்று சொல்லுங்கள். தினமும் அதே சொல்தான். உடம்பை ஒடுக்கி, இறகை இறுக்கிக்கொண்டு நின்றால் அன்றைக்குப் போதும்.

கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கடித்தால் கை போய்விடும் என்று அது கற்றுக்கொள்ளும். பட்டினி போட்டுப் பழக்கவே கூடாது. முப்பது, நாற்பது கிராம் உடம்பு தாங்காது.

வெளியே விடும்முன் சீலிங் ஃபேன் நின்றிருக்க வேண்டும், ஜன்னல் மூடியிருக்க வேண்டும், கண்ணாடியில் துணி போட்டிருக்க வேண்டும். நான்ஸ்டிக் தவா காய்ந்து புகைந்தால் நிமிடங்களில் பறவை செத்துவிடும். சமையலறைப் பக்கமே வேண்டாம்.

பச்சைக்கிளி வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் மரப்பொந்திலிருந்து திருடப்பட்டவை. பேச்சுதான் ஆசையென்றால், கைக்குப் பழகிய ஆண் பட்ஜியிடம் தினமும் ஒரே சொல்லைச் சொல்லி வாருங்கள். வளர்ந்த ஆணுக்கு மூக்குத்தோல் (அலகுக்கு மேலே, மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள தோல்) பெரும்பாலும் நீலம், பெண்ணுக்குப் பழுப்பு.