2020ல அலாஸ்கா காட் (cod) மீன்பிடித் தடை கடற்சிங்கத்துக்காகவா?
நண்பா, 2020ல அலாஸ்கா வளைகுடால காட் மீன்பிடியை மூடினது கடற்சிங்கத்துக்காகவான்னு ப்ராஜெக்ட்டுக்கு கேட்டிருக்கீங்க, பாதி சரி. 2014-16 கடல் வெப்ப அலைல காட் செமயா அடிவாங்கிடுச்சு, அங்க ஒரு விதி இருக்கு, முட்டையிடுற மீனோட மொத்த எடை, மீன்பிடியே இல்லேன்னா இருந்திருக்கும்னு கணக்குப்போடுற அளவுல 20 சதவீதத்துக்கு கீழ போனா ஃபெடரல் கடல்ல, அதாவது அமெரிக்க மத்திய அரசு நிர்வகிக்கிற கடல்ல, காட் மீனைக் குறிவச்சுப் பிடிக்கக் கூடாது, அந்த விதி ஸ்டெல்லர் கடற்சிங்கத்துக்கு இரை மிஞ்சணும்னு வந்தது. ஆனா காட் மீனைச் சாய்ச்சது சூடுதான், 'அதிகமா பிடிச்சதால'ன்னு எழுதிடாதீங்க. மத்தபடி கடற்சிங்கம் குட்டி போடுற பாறைகளைச் சுத்தி 3 கடல் மைலுக்குள்ள போட் நுழையக்கூடாது, பல இடத்துல 10, 20 மைல் வரை இழுவலைக்குத் தடை, கோட்டாவையும் சீசனா பிரிச்சுடுவாங்க, ஒரே நேரத்துல அள்ளிடக் கூடாதுல்ல. அப்புறம் 1997ல அழியும் நிலைன்னு அறிவிச்சது ஸ்டெல்லர் கடற்சிங்கத்தோட மேற்குக் கூட்டத்தை மட்டும்தான், கிழக்குக் கூட்டம் தேறி 2013ல ஆபத்துல இருக்குற உயிரினங்களோட பட்டியல்லேர்ந்தே வெளிய வந்துடுச்சு, நானும் முதல்ல இதுல குழம்பினவன்தான்.