சுருளில் வெற்றுக் கட்டம் விழுவது ஏன்?

தம்பி, பைதன் கணினி மொழியில் 7×7 கட்டத்தின் நடுவில் 1ஐ வைத்து 2, 3, 4 எண்டு எண்களைச் சுருளாகச் சுற்றி எழுத, 1க்கு நேர் மேலே வெற்றுக் கட்டம் விழுகுது எண்டு கேட்டிருந்தியள். ஒவ்வொரு திருப்பத்திலும் நடையின் நீளத்தை, அதாவது ஒரே திசையில் போற கட்டங்களின் எண்ணிக்கையை, கூட்டுறியள், அதுதான் பிழை. இரண்டு திருப்பத்துக்கு ஒருக்கால்தான் கூட்டவேணும்: 1, 1, 2, 2, 3, 3. சதுர றூள் கொப்பியில் 9 வரை எழுதிப் பாருங்கோ, விளங்கும்.

வலம், மேல், இடம், கீழ் எண்டு போனால் 9, 25, 49 நடுவிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சரிவாக இறங்கும். அதை மட்டும் நம்பாதேங்கோ. நிரையையும் நிரலையும் மாறி எழுதினாலும் 9 அங்கேயேதான் நிற்கும். 2ஐப் பாருங்கோ. 1க்கு வலப்பக்கம் இல்லாமல் கீழே கிடந்தால் சுட்டி (கட்டத்தின் நிரை, நிரல் இலக்கம்) மாறிப்போச்சு. பைதனில் 0இலிருந்து எண்ணுறதால் நடு [3][3]. முதல் சுட்டி நிரைக்கு.

இந்தச் சுருளில் முதன்மை எண்கள் (பகா எண்கள்) சரிவுக் கோடுகளாக விழுவதை 1963இல் கணிதவியலாளர் உலாம் கண்டார். அவற்றுக்கு நிறம் போட்டு அந்தச் சரிவுகளைத் தெளிவாகப் பார்க்க இன்னும் பெரிய கட்டம் வேணும். 1க்கு நிறம் போட்டிடாதேங்கோ, அது முதன்மை எண் இல்லை.