கீமோ நடக்கும்போது நடக்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 48. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, மூன்றாவது கீமோவும் போட்டாகிவிட்டது. தினமும் நடக்கிறார். உடற்பயிற்சி செய்தால் ரத்த ஓட்டம் கூடி நோய் பரவிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அவருக்கு நகம் கறுத்திருக்கிறது, வாய் கசக்கிறது, நடந்த மறுநாள் தொடை வலிக்கிறது. போன வாரம் நடந்துவிட்டு வந்த அலுப்பில் காய்ச்சல் 101 வந்தது. பாராசிட்டமால் கொடுத்தேன், இறங்கிவிட்டது. நடையை நிறுத்திவிடலாமா?

பதில்: நடப்பதால் புற்றுநோய் பரவாது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை உடம்பு முழுக்கச் சுற்றவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வீடியோவை விடுங்கள். எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த 101-ம், பாராசிட்டமாலும்தான்.

சாதாரண நடையில் 101 வராது. கீமோ போட்ட பிறகு, பெரும்பாலும் 7-லிருந்து 14-ஆம் நாளுக்குள், ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் வாயிலும் குடலிலும் தோலிலும் எப்போதும் இருக்கிற கிருமிகளே ரத்தத்தில் புகுந்துவிடலாம். எதிர்த்து நிற்க வெள்ளணு இல்லாததால் சீழ் கட்டாது, சளி வராது, புண் சிவக்காது. வெளியே தெரிகிற ஒரே அடையாளம் பெரும்பாலும் காய்ச்சல்தான். அதையும் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால், உள்ளே தொற்று முற்றுவது யாருக்கும் தெரியாது. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். போன வாரம் தப்பித்தீர்கள், அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால், அல்லது காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் வந்தால், நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாசலிலேயே “கீமோ போய்க்கொண்டிருக்கிறது” என்று சொல்லுங்கள். ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். பாராசிட்டமாலைக் கையில் எடுக்காதீர்கள். போன வாரக் காய்ச்சல் கீமோவுக்குப் பின் எத்தனையாவது நாளில் வந்தது என்று குறித்து, இன்றே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த தவணைக்கு முன் அவருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

சரி, மற்றவை. நகக் கறுப்பும் வாய்க்கசப்பும் மருந்தின் வேலை, சிகிச்சை முடிந்தபின் மெல்ல மாறும். நடந்த மறுநாள் இரண்டு தொடையும் வலித்தால் பயமில்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

நடையை நிறுத்தவே வேண்டாம். கீமோ தரும் அசதி படுத்துக் கிடந்தால் போகாது. படுக்கப் படுக்கத் தசை கரைந்து அசதி இன்னும் கூடத்தான் செய்யும். 30 நிமிடம், வாரம் மூன்று நாள் போதும். முடியாத நாளில் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். அத்துடன் வாரம் இருமுறை தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்ந்தாலே நல்ல தொடக்கம். அறுவை செய்த பக்கக் கையால் எடையே தூக்கக் கூடாது, கை வீங்கிவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். முறையாகக் கற்று, மெல்ல மெல்ல எடை கூட்டினால் கைவீக்கம் அதிகமாவதில்லை என்று 2009-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத் தொடங்குங்கள். காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் இருக்கும் நாளில் மட்டும் ஓய்வு. பாதம் மரத்துப்போயிருந்தால் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளியானது. மூன்று ஆண்டு பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் 80 சதவீதம் பேர் ஐந்தாம் ஆண்டில் நோயின்றி இருந்தார்கள். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் அது 74. உங்கள் மனைவிக்கு வந்தது வேறு நோய், அதனால் அதே கணக்கை இங்கே போட மாட்டேன். ஆனால் பயிற்சி நோயைப் பரப்புமானால் இந்த முடிவு தலைகீழாக அல்லவா வந்திருக்கும்?

கடைசிக் கீமோ முடிந்தபின் வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். அப்புறம் எப்போதாவது மாடிப்படியில் புதிதாக மூச்சு வாங்கினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் சில மருந்துகள் இதயத்தைத் தளர்த்தக்கூடியவை. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.