கல்லுக்கு அனுமதி இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்

மட்டக்குளி வாசகர் ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். தென்மேற்குப் பருவக் கடல் பின்மதிலை இரண்டு தடவை பிடுங்கிப் போட்டுவிட்டது, கொழும்புத் துறைமுக நகரத்துக்குக் கடலில் மணல் எடுத்ததுதான் காரணம், கடன்பட்டு லொறியில் கருங்கல் இறக்கினார், இப்போது பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்து கரையோரம் பேணல் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தாத்தா காலத்துக் காணி உறுதி கையில் இருக்கிறது, வழக்குப் போடலாமா என்கிறார்.

துறைமுக நகரத்தை விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பொறாமையையும் விடுங்கள். மூன்று பக்கத்திலும் அனுமதிப்பத்திரம் என்ற சொல்லே இல்லை, ஆகவே நீங்கள் எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து, அதாவது கடல் பெருக்கில் நீர் சராசரியாக ஏறும் கோட்டிலிருந்து, தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அங்கே சொந்த உறுதிக்காணியில் வேலை செய்யவும் அனுமதி வேண்டும். மரம் நட அனுமதி வேண்டாம், கல் போட அனுமதி வேண்டும்.

ஆனால் நான் பயப்படுவது கல்லுக்கு இல்லை, நீங்கள் எழுதப்போகும் பதிலுக்கு. என்னிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் கோபத்தில் 'கடல் எடுத்த என் காணியில்தான் கல் போட்டேன்' என்று கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். கடல் எடுத்த இடம் என்றால் அலை ஏறுகிற இடம், அது அரச கரை. உறுதியில் மேற்கெல்லை 'கடல்' என்று இருந்தால் கடல் உள்ளே வரும்போது எல்லையும் கூடவே வரும் என்று அரச தரப்பு வாதிடும், அதற்குச் சாட்சி உங்கள் கடிதமே. அப்புறம் அரச காணியை மீளப்பெறுவதற்கான 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தில் வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால், நீதவான் கேட்பது அரசு எழுத்தில் தந்த செல்லுபடியான அனுமதியை மட்டும்தான். தாத்தாவின் உறுதியை அங்கே விரித்துக்காட்ட முடியாது, மேன்முறையீடும் இல்லை, அரச அதிகாரியின் முடிவை எதிர்க்கும் ரிட் மனுவோடு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும். அதற்கு ஆகும் காசில் இரண்டு மதில் கட்டலாம்.

ஒன்று கேட்கிறேன், உங்கள் கல் முடிகிற இடத்தில் பக்கத்து வளவு அரித்திருக்கிறதா? கல் அலையை ஓரத்துக்குத் தள்ளும், அந்தப் பள்ளத்தைப் போய்ப் பாருங்கள். இருந்தால் அவர் நட்டஈடும் கேட்பார். ஆகவே சமாதானமாகப் போங்கள். இன்னொரு லோட் இறக்காதீர்கள். நில அளவையாளரை வைத்து உயர் நீர்மட்டக் கோட்டைக் குறித்து எடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து இருவரும் கையெழுத்திட்டு ஒரே தடுப்புக்குத் திணைக்களத்திடம் விண்ணப்பியுங்கள், கல்லை எடுக்கச் சொன்னால் செலவைப் பாதியாகப் பேசுங்கள். கடிதத்துக்குப் பதிலை நீங்களே எழுதவேண்டாம், திகதி கடக்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் கொடுங்கள்.