திருப்புளிய கொஞ்சம் கீழ வைங்க சார்!

கேள்வி: என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஆறு மாசமா 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஓப்பன் சைட்ல (முன்னாடி குச்சி, பின்னாடி பள்ளம் வெச்சு குறி பாக்குறது) பழகுறா. பெல்லட் பூரா இடது பக்கம், கொஞ்சம் கீழ போய் விழுது. நான் வீட்ல பின் சைட்ட திருகிப் பாத்தேன், இன்னும் மோசமாயிடுச்சு. கோச் என்மேல கோவப்படுறார். எந்தப் பக்கம்தான் திருகணும்?
– ஒரு அப்பா, கோவை

பதில்: கோச் கோவப்பட்டது நியாயம்தான் சார், தப்பா எடுத்துக்காதீங்க. மொதல்ல சைட்ட தொடாம பாப்பாவ அஞ்சு பெல்லட் சுடச் சொல்லுங்க. அஞ்சும் ஒரு ரூபா காசுக்குள்ள அடங்குற மாதிரி ஒண்ணா விழுந்தா (இதத்தான் குரூப்னு சொல்வோம்), அது எந்த மூலைல விழுந்தாலும் கவலையில்ல, சைட் வேலை அஞ்சு நிமிஷம். செதறி விழுந்தா திருகவே கூடாது, ஏன்னா அப்ப தப்பு சைட்ல இல்ல, நீங்க ஒவ்வொரு ஷாட்டுக்கும் திருகத் திருக அது உங்கள சுத்தல்லயே விடும்.

இடது கீழன்னு சொன்னதும் எனக்கு வர்ற சந்தேகம் ரைஃபிள் சாயுதோன்னுதான். சின்ன பிள்ளைங்களுக்கு துப்பாக்கி கனம், இடது பக்கம் லேசா சாச்சுப் பிடிச்சா குண்டும் இடதுல போகும், கொஞ்சம் எறங்கவும் செய்யும். பின்னாடி நின்னு ஒரு தடவ பாருங்க, தெரிஞ்சுடும். அடுத்தது, முன் சைட் குச்சியோட தலை பின் சைட் பள்ளத்தோட மேல் விளிம்புக்கு சமமா நிக்கணும், ரெண்டு பக்கமும் வெளிச்சம் ஒரே அளவு தெரியணும். குச்சி பள்ளத்துக்குள்ள அமுங்குனா ஷாட் கீழ, இடதுல ஒட்டுனா ஷாட் இடது. கண்ணு குச்சிலதான் இருக்கணும், கறுப்பு வட்டம் மங்கலா தெரிஞ்சா போதும். பிள்ளைங்க வட்டத்தயே பாத்துட்டு குச்சிய மறந்துடும்.

இதெல்லாம் சரியா இருந்தும் குரூப் இடதுலயே விழுந்தா இப்ப திருகலாம். பின் சைட்ட குண்டு போக வேண்டிய பக்கமே நகர்த்துங்க, அதாவது வலது பக்கம், மேல. முன் சைட்ட நகர்த்துற துப்பாக்கின்னா அப்படியே உல்டா. எவ்ளோன்னா, ரெண்டு சைட்டுக்கும் நடுவுல 50 செ.மீ இருந்தா 10 மீட்டர்ல 20 மி.மீ தள்ளி விழுற குண்டுக்கு பின் சைட்ட 1 மி.மீ நகர்த்துனாலே போதும். நீங்க எத்தன சுத்து சுத்துனீங்களோ!

இன்னொண்ணு, ஸ்ப்ரிங் துப்பாக்கிய மேஜைமேல நேரா வெச்சு ஜீரோ (குண்டு குறியிலயே விழுற மாதிரி சைட்ட செட் பண்றது) பண்ணாதீங்க. நின்னு சுடும்போது வேற எடத்துல விழும், ஏன்னா ஸ்ப்ரிங் ஒதறுறப்ப மேஜை ஒரு மாதிரி எத்தும், கை ஒரு மாதிரி. அப்பறம் நீங்க சுட்டு பாப்பாவுக்கு ஜீரோ வைக்காதீங்க, கன்னம் வைக்கிற எடம், கண்ணு ரெண்டுமே ஆளுக்காள் மாறும்.

கேள்வி: அண்ணா, என்.சி.சி கேம்ப்ல .22 ரைஃபிள்ல எனக்கு குரூப்பிங் நல்லா வருது, ஆனா வலது பக்கம் விழுது. சைட்ட மாத்தச் சொன்னா மாத்த மாட்டேங்குறாங்க.
– ஒரு கேடட், மதுரை

பதில்: தம்பி, அது பொதுத் துப்பாக்கி, உனக்கு மாத்துனா அடுத்த பையனுக்கு கெட்டுப்போகும். அஞ்சு ஓட்டைக்கும் நடுப்புள்ளி எங்கன்னு பாரு, அது வலதுல ரெண்டு விரல் தள்ளி இருந்தா நீ இடதுல ரெண்டு விரல் தள்ளி எய்ம் வை. ஒரு ஷாட்ட மட்டும் பாத்து மாத்தாத. வெயில் பக்கவாட்டுல அடிச்சா குச்சியோட ஒரு பக்கம் மட்டும் பளிச்சுனு தெரிஞ்சு கண்ண ஏமாத்தும், அதயும் கவனி.

கேள்வி: பீப் சைட்ல (சின்ன ஓட்டை வழியா குறி பாக்குறது) எச்-னு ஒரு அம்புக்குறி இருக்கு. அந்தப் பக்கம் திருகுனா குண்டு மேல போகும்னு பாத்தா கீழ போகுது. பழுதா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: பழுது இல்லம்மா, ஜெர்மன் பழக்கம். எச்-னா அவங்க பாஷைல ஹோக், உயரம். ஷாட் ஒசந்து விழுதா, அப்ப இந்தப் பக்கம் திருப்புன்னு அர்த்தம். சில கம்பெனி சைட்ல இது நேர்மாறா இருக்கும், அதனால பத்து கிளிக் (திருகுறப்ப டிக்னு கேக்குற ஒவ்வொரு படி) திருப்பி ஒரு ஷாட் போட்டுப் பாத்துக்கறதுதான் நல்லது. 10 மீட்டர் டார்கெட்ல பத்து பாயிண்ட் எடம் வெறும் 0.5 மி.மீ புள்ளி, ஒரு கிளிக் கூட அங்க பெரிய விஷயம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல அபினவ் பிந்த்ராவுக்கே ஃபைனலுக்கு முன்னாடி போட்ட டெஸ்ட் ஷாட் 4 பாயிண்ட் வட்டத்துல விழுந்துச்சு, சைட் எப்படியோ நகர்ந்திருக்கு. இருந்த கொஞ்ச நேரத்துல சரி பண்ணி, கடைசி ஷாட் 10.8 அடிச்சு தங்கம் வாங்குனார். நான் மொதல்ல இந்த எச்-ஐ தப்பா புரிஞ்சுக்கிட்டு சுத்தி, அந்தக் கொழப்பத்துல ரெண்டு ஷாட்ட பக்கத்து லேன் பையனோட அட்டைல சுட்டுட்டேன், அது அவன் ஸ்கோர்ல சேந்துச்சு, அவன் இன்னிக்கு வரைக்கும் திருப்பித் தரல.