சிபியு சும்மா இருக்கிறது, பில் ஏன் நகரவில்லை?

பிரவுசரில் சர்வரின் நிலையைக் காட்டும் கருவிகளை இப்போது எல்லோரும் நிறுவிவிடுகிறார்கள். அதில் ஓடும் கோடுகளைப் பார்த்துப் பயந்த பிறகு எனக்கு எழுதுகிறார்கள். இந்த முறை ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தும் வடசென்னையில், நம் பக்கத்திலிருந்து வந்தவை.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் மென்பொருள் ஓர் உபுண்டு சர்வரில் ஓடுகிறது. மாலையில் கூட்டம் சேர்ந்ததும் ஒரு பில் வர ஒரு நிமிடம் ஆகிறது. காக்பிட் என்ற கண்காணிப்புக் கருவியைத் திறந்து பார்த்தால் சிபியு 20 சதவீதம்தான். ஆனால் லோடு 9 என்கிறது. இயந்திரத்தில் நான்கு கோர், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலை ஓடும். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்புங்கள். ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பில் போடுபவர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். வாசலிலோ வரிசை தெருமுனை வரை நிற்கிறது. ஏனென்றால் உள்ளே அரிசி எடை போடும் ஆள் ஒருவர்தான், அவரும் நிதானமானவர். உங்கள் சிபியுதான் பில் போடுபவர். டிஸ்க்தான் எடை போடுபவர்.

லோடு என்பது உழைப்பின் அளவு அல்ல, வரிசையின் நீளம். சிபியுவில் ஓடுகிற, அதற்காகக் காத்திருக்கிற வேலைகளோடு, டிஸ்க்கின் பதிலுக்காக அசையாமல் நிற்கும் வேலைகளையும் லினக்ஸ் அதில் எண்ணுகிறது. 1993 முதல் இதுதான் வழக்கம். அதனால் சிபியு குறைவாகவும் லோடு அதிகமாகவும் இருந்தால் முதல் சந்தேகம் டிஸ்க்கின் மேல் விழ வேண்டும். லோடுக்கு மூன்று எண்கள் உண்டு: 1, 5, 15 நிமிடச் சராசரிகள். முதல் எண் மூன்றாவதை விடப் பெரிதாக இருந்தால் கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கிறது. சிறிதாக இருந்தால் கலைகிறது.

உங்களிடம் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க் என்றே நினைக்கிறேன். நிமிடத்துக்கு 7200 சுற்று வேக டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய வேலைகளில் நொடிக்கு ஏறத்தாழ நூறைத்தான் முடிக்கும். சுழலும் பாகமே இல்லாத சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரம் முடிக்கும். பில் தரவுத்தளம் செய்வதெல்லாம் சிதறிய வேலைதான்.

ஆனால் எஸ்எஸ்டி வாங்கப் பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். அதே நேரத்தில் வேறு யார் டிஸ்க்கைப் பிடித்து உலுக்குகிறார்கள்? பிசிபி என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்தால் காக்பிட் பழைய அளவுகளையும் சேமித்து வைக்கும். நேற்று மாலை ஏழு மணிக்கு என்ன நடந்தது என்று இன்று காலை நிதானமாகப் பார்க்கலாம். இரவு பன்னிரண்டுக்கு ஓட வேண்டிய காப்பு நகல், யாரோ நேரத்தைத் தவறாகக் கொடுத்ததால் கூட்ட நேரத்தில் ஓடுவதை நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். நேரத்தை மாற்றினால் போதும், செலவே இல்லை.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும் பாருங்கள். 5ஆம் எண், மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட பகுதிகளைச் சொல்லும். 197, படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் பகுதிகளைச் சொல்லும். இவை வாராவாரம் ஏறினால் வேகத்தை மறந்துவிட்டு இன்றிரவே தரவை நகலெடுங்கள். டிஸ்க்குகளுக்குப் பஞ்சாங்கம் தெரியும் போலிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் பார்த்துத்தான் சாகின்றன.

கேள்வி: ராயபுரத்தில் கணக்காளர் அலுவலகம். 8 ஜிபி ராமில் 300 எம்பிதான் காலி என்று காட்டுகிறது. இன்னும் 8 ஜிபி வாங்கச் சொல்கிறார் எங்களுக்குக் கணினி பழுது பார்ப்பவர்.

பதில்: வாங்காதீர்கள், இப்போதைக்கு. லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமில் கோப்புகளின் நகலை வைத்துக்கொள்ளும். யாராவது இடம் கேட்டால் உடனே காலி செய்து தரும். எனவே 'காலி' என்ற எண்ணை விடுங்கள், 'கிடைக்கக்கூடியது' என்ற எண்ணைப் பாருங்கள். 2014 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே அதைக் கணக்கிட்டுத் தருகிறது. அது 2, 3 ஜிபி இருந்தால் நிம்மதி. ராமிலிருந்து தள்ளப்பட்டவை டிஸ்க்கில் தங்கும் இடமான ஸ்வாப்பில் கொஞ்சம் கிடப்பதும் குற்றமல்ல. ஓயாமல் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தால்தான் ராம் போதவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: மணலியில் எங்கள் அலுவலக சர்வரில், பிரவுசரிலிருந்தே அதை நிர்வகிக்கும் வெப்மின் என்ற கருவி இருக்கிறது. வீட்டிலிருந்து பார்க்க ரவுட்டரில் அதன் நுழைவாசலான 10000 போர்ட்டைத் திறந்துவிட்டேன். கடவுச்சொல் பலமானது. போதுமா?

பதில்: முதலில் அந்த போர்ட்டை மூடிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கோடு காட்டும் பக்கம்தானே என்று நினைக்கிறீர்கள். அந்தப் பக்கத்திலிருந்தே பயனரைச் சேர்க்கலாம், கோப்பை அழிக்கலாம், இயந்திரத்தை நிறுத்தலாம். கடையின் சாவிக்கொத்து அது. பூட்டு பலமாக இருந்தும் பயனில்லாமல் போனதற்குச் சான்று இதே வெப்மின்தான். 1997 முதல் இருக்கும் நல்ல கருவி. ஆனால் அதன் 1.890 முதல் 1.920 வரையிலான பதிப்புகளில், நிரலைப் பொட்டலம் கட்டும் சர்வரில் எவரோ புகுந்து ரகசிய வாசல் ஒன்றை வைத்திருந்தது 2019 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. 1.890 பதிப்பை நிறுவியபடியே வைத்திருந்தவர்களின் சர்வரில், கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு கட்டளையிட முடிந்தது. 1.930 பதிப்பில்தான் அதை நீக்கினார்கள்.

வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன், அதாவது அலுவலகத்துக்கு ஒரு தனி ரகசியப் பாதை போடுங்கள். சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது, அங்கே கதவு இருப்பதே தெரியாது. அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகு வெப்மினைத் திறவுங்கள். அப்போது பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை தருவது, சர்வர் தனக்குத் தானே கையெழுத்திட்டுக் கொள்வதால். முதல் முறை சரிபார்த்து ஏற்றுக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்துக் காரணமின்றி மறுபடி வந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: திருவொற்றியூர் பள்ளியில் கணினி ஆசிரியை நான். ஆய்வகத்தில் 30 விண்டோஸ் கணினிகள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து டாஸ்க் மேனேஜரைத் திறக்க முடியவில்லை. ஒரே பக்கத்தில் பார்க்க வழி உண்டா, ஐயா?

பதில்: உண்டு அம்மா, காசும் வேண்டாம். ஒவ்வொரு கணினியிலும் விண்டோஸ் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரலைப் போடுங்கள். அது 9182 போர்ட்டில் எண்களை வைத்துக்கொண்டு காத்திருக்கும். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதில் புரோமிதியஸ் என்ற நிரலை வைத்தால் அந்த எண்களைச் சேகரித்துவரும். கிராஃபானா அவற்றை வரைபடமாக்கி 3000 போர்ட்டில் காட்டும். அரை நாள் வேலை.

இரண்டு இடத்தில் கால் தடுக்கும். அந்த லினக்ஸ் கணினியில் காக்பிட்டும் இருந்தால், புரோமிதியஸும் அதுவும் ஒரே 9090 போர்ட்டைக் கேட்கும், ஒன்றை மாற்றுங்கள். அடுத்தது, புரோமிதியஸ் தானாக 15 நாள் தரவைத்தான் வைத்துக்கொள்ளும். பருவத் தேர்வு வாரத்தை அரையாண்டோடு ஒப்பிட ஆசைப்பட்டால் இன்றே அந்த நாள் கணக்கைக் கூட்டிவிடுங்கள்.

கேள்வி: எண்ணூரில் லாரி புக்கிங் அலுவலகம். மதியமானால் கணினி நொண்டுகிறது. நெட்டேட்டா என்ற கண்காணிப்புக் கருவியில் பார்த்தால் சிபியு 100 சதவீதம், அதன் வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 0.8க்கு இறங்கிவிடுகிறது. வைரஸா?

பதில்: தூசு. சூடு எல்லை மீறினால் சிபியு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கால்வாசிக்கும் குறைந்த வேகத்தில் அதே வேலையைச் செய்வதால் 100 சதவீதம் காட்டுகிறது. அனல் மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரிப் புழுதியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து விசிறியிலும், சிபியுவின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கிலும் கஞ்சி போட்டதுபோல் ஒட்டியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்யுங்கள். சிபியுவுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள்.

இன்னொன்று. நெட்டேட்டா நொடிக்கு ஒரு முறை அளவெடுக்கிறது. அதன் பக்கத்தை அந்த நொண்டிக் கணினியின் பிரவுசரிலேயே திறந்துவைத்துக்கொண்டு பார்த்தால் வரைபடம் வரையும் சுமையும் அதன் தலையில்தான் விழும். பக்கத்து மேசைக் கணினியிலிருந்து, அதுவும் இல்லாவிட்டால் கைபேசியிலிருந்து பாருங்கள்.