வாஷிங்டன் – கடிதமும் பதிலும்

ஐயா,

கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், "வாஷிங்டன் என்றால் என்ன அர்த்தம் அப்பா?" என்று கேட்டாள். அமெரிக்காவின் தலைநகரம், முதல் ஜனாதிபதியின் பெயர் என்றேன். "யார் பெயர் என்று நான் கேட்கவில்லையே" என்றாள். துணி வெளுப்பவர்கள் வாழ்ந்த ஊர் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். சரியா? வாஷிங்டன் சுந்தருக்கு அது குடும்பப் பெயரா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

உங்கள் மகள் விடாமல் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வெளுப்பதற்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. ஒலி ஒற்றுமையால் வரும் மயக்கம் அது. 'வாஸா' என்பது பழைய ஆங்கிலத்தில் ஓர் ஆளின் பெயர். நடுவிலுள்ள 'இங்' அவனைச் சேர்ந்தவர்களைக் குறிக்கும். நாம் வகையறா என்கிறோமே, அதுதான். கடைசியிலுள்ள 'டன்' முதலில் வேலியடைத்த இடம், பிறகு பண்ணை, பிறகு ஊர். உங்கள் பக்கத்துச் சின்னாளப்பட்டியில் இருக்கும் 'பட்டி'யும் ஆடுமாடு அடைக்கும் இடத்திலிருந்து ஊர் என்ற பொருளுக்கு வந்த சொல்தான். ஆக, வாஸா வகையறாப் பட்டி. மகளிடம் அப்படியே சொல்லுங்கள்.

தென் இங்கிலாந்தின் சஸெக்ஸிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. ஜனாதிபதியின் குடும்பத்துக்குப் பெயர் தந்ததோ இங்கிலாந்தின் வடகிழக்கில், வியர் ஆற்றுக்கு அருகிலுள்ள ஊர். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்ட்பர்ன் என்ற ஊரின் வில்லியம், அங்கிருந்த தன் நிலத்தைக் கொடுத்து அதற்கு ஈடாக இந்த ஊரைப் பெற்றார். அதுவரை ஹார்ட்பர்ன் வில்லியம். அதன்பின் வாஷிங்டன் வில்லியம். குடும்பப் பெயர்கள் இறுகிப்போகாத காலம், நிலம் மாறினால் பெயரும் மாறும். அவர் வழிவந்த ஜான் 1650களில் வர்ஜீனியாவுக்குப் போனார். ஜானின் கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ். 1791இல் புதிய தலைநகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஊரிடமிருந்து ஆளுக்குப் போன பெயர் ஊருக்கே திரும்பிவிட்டது.

அகராதிக்கு இவ்வளவு போதும். எனக்குப் போதவில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். ஜார்ஜ் வாஷிங்டன் 1799இல் இறந்தபோது அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அங்கிருந்து 1776இல் தப்பியோடிய ஹாரி, கனடாப் பக்கத்து நோவா ஸ்கோஷியா போய், 1792இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடியேறினார். கடைசிவரை ஹாரி வாஷிங்டன்தான். ஆனால் இந்தப் பெயர் கொண்ட கறுப்பினத்தவர் எல்லோரும் அந்தப் பண்ணையின் வழிவந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றபின் தாமே இதைத் தேர்ந்துகொண்டவர்கள் பலர்.

புக்கர் என்ற சிறுவன் தேர்ந்துகொண்ட விதத்தை, பெரிய கல்வியாளரான பின்னாளில் அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அடிமையாகப் பிறந்தவன், முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிறான். பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், சிலருக்கு மூன்று. இவனுக்கு ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் யோசித்து முடித்துவிட்டான். ஆசிரியர் முழுப் பெயரைக் கேட்டதும் பதற்றமில்லாமல், "புக்கர் வாஷிங்டன்" என்றான்.

அந்தப் பையனுடைய மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன் என்பதை மறந்துவிடக் கூடாது. அவருடைய குடும்பப் பெயரான ஃபெர்குசனை விட்டுவிட்டு, அவரை அழைக்கும் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அப்பா பெயரை நாம் சேர்த்துக்கொள்வதுபோல. இதைப் படித்த நாளிலிருந்து புக்கர் டி. வாஷிங்டன் எனக்கு நெருக்கமானவராகிவிட்டார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சுந்தர் என்பது அந்த ஆட்டக்காரரின் அப்பா பெயர். வாஷிங்டன் அவருக்கு வைத்த பெயர். அப்பா சுந்தரும் கிரிக்கெட் ஆடியவர், வசதியில்லாத குடும்பம். திருவல்லிக்கேணியில் இரண்டு தெரு தள்ளி வாஷிங்டன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ வீரர் இருந்தார். சிறுவன் சுந்தர் ஆடுவதைப் பார்த்துப் பிடித்துப்போய், பள்ளிச் சீருடை வாங்கிக் கொடுத்தார், கட்டணம் கட்டினார், தன் சைக்கிளில் வைத்து மைதானத்துக்கு அழைத்துப் போனார். 1999இல் அவர் காலமானார். அதே ஆண்டு சுந்தருக்கு மகன் பிறந்தான்.